மூன்று நிமிட இருட்டு

“அப்பா, எனக்குக் கொஞ்சம் இருட்டு வேணும். சாட்சிக்கு” என்றாள் மகள்.

நான் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் அப்பாவிடம் என்னென்ன கேட்பாள் என்று நான் மனத்தில் வைத்திருந்த பட்டியலில் இருட்டு இல்லை. எழுதுகிறவன் என்பதால் என்னிடம் ஸ்டாக் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்வது அல்ல. சபையில் ஒருவர் எழுந்து நின்று, நான் முன்பு இப்படிக் கிடந்தேன், ஆண்டவர் என்னைத் தூக்கி இப்படி நிறுத்தினார் என்று சொல்வது. முற்பாதி இருட்டு, பிற்பாதி வெளிச்சம். முற்பாதி எவ்வளவு கறுப்போ, பிற்பாதிக்கு அவ்வளவு அல்லேலூயா. என் மனைவியும் மகளும் தவறாமல் போகிற சபையில், வாலிபர் கூட்டத்து மாணவர்கள் ஒன்பது பேர் கோடை விடுமுறையில் இலங்கை மலைநாட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதி ஒன்றில் பத்து நாள் இருந்து, பாட்டும் பொம்மலாட்டமும் நடத்தி, பாடம் சொல்லிக்கொடுத்து, சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வருவது திட்டம். ஒவ்வொரு மாலையும் ஒருவர் பிள்ளைகள் முன்னால் மூன்று நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி தேறாதவருக்குப் பயணம் இல்லை. என் மகளின் சாட்சி தேறவில்லை.

இந்தப் பயணத்தைப் பற்றியே எனக்கு ஒரு குழப்பம் உண்டு. அது இன்னும் தீரவில்லை என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு எட்டு வயது இருக்கும்போது எண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குப்பத்துக்கு வெளிநாட்டு மாணவர்கள் இதேபோல் வந்தார்கள். டியூஷன் நடக்கிற கொட்டகையின் சுவரில் ஒரு திமிங்கிலம் வரைந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டூத் பிரஷ் கொடுத்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் மகளும் வரிசையில் நின்று ஒன்று வாங்கிக்கொண்டாள். அவர்கள் எடுத்த போட்டோவில் பிரஷ்ஷை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறாள். பார்க்கிற எவரும் அதுவரை இந்தப் பெண் சாம்பலில்தான் பல் துலக்கியிருப்பாள் என்று நினைப்பார்கள். அனல் மின்நிலையத்தின் புண்ணியத்தில் சாம்பலுக்கு எண்ணூரில் பஞ்சமில்லை என்பது வேறு விஷயம். எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேருக்கு நான்கு பிரஷ் இருந்தன. அப்படி ஊழியம் பெற்றவள் இப்போது ஊழியம் செய்யக் கிளம்புகிறாள். பெட்டியில் அறுபது பிரஷ். அந்த மலைநாட்டுப் பிள்ளைகளும் வளர்ந்து பிரஷ்களோடு வேறெங்காவது போவார்களா, உலகத்தில் கடைசியாகக் கைநீட்டி வாங்கிக்கொள்கிற பிள்ளை எந்த ஊரில் இருக்கும் என்றெல்லாம் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

நான் சபைக்குப் போகிறவன் அல்ல. கல்யாணம், அடக்கம், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் போவேன். மற்ற ஞாயிறுகளில் ஓய்வுநாள் கட்டளையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து வீட்டில் படுத்திருப்பேன். நம்பிக்கை இல்லாதவன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு உழைத்து யோசித்ததும் கிடையாது. துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துக்கொடுக்கும் ஏஜென்ட் ஒருவரின் ஆபீசில் வேலை. சீல் வைத்த கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்பதை, பெட்டியைத் திறக்காமலே, ஒரு காகிதத்தைப் பார்த்து இன்னொரு காகிதத்தில் எழுதுவது. மீதி நேரத்தில் வார இதழ் ஒன்றில் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். அதுவும் ஏறக்குறைய அதே வேலைதான்.

சாட்சிகளைத் தேர்வு செய்தவன் என்னோடு ராயபுரத்தில் பள்ளியில் படித்தவன். என் வயதுதான். ஆனால் சபையில் எல்லாருக்கும் ‘அண்ணன்’. என் மகளுக்கும் அண்ணன், என் மனைவிக்கும் அண்ணன். இந்த முறையில் அவன் எனக்கு என்ன ஆக வேண்டும் என்று ஒருமுறை யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். இளமையில் குடித்து, அடிதடி செய்து, மூலக்கொத்தளத்துக் கல்லறைகளுக்கு நடுவே நினைவில்லாமல் கிடந்து, அங்கிருந்து எழுப்பப்பட்டவன். இந்தச் சாட்சியை இருபது வருடமாகச் சொல்லிவருகிறான். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் கூடவே வாயசைக்கும். ஆரம்பத்தில் அவன் இடுப்பில் ஒரு கத்தி இருந்தது. போன ஈஸ்டருக்கு இரண்டாகியிருந்ததாக மனைவி சொன்னாள்.

அவனிடம் என் மகள் தன் சாட்சியைப் படித்துக் காட்டியிருக்கிறாள். நல்ல குடும்பத்தில் பிறந்தேன், ஒழுங்காகப் படித்தேன், பன்னிரண்டாம் வகுப்பில் காய்ச்சலோடு பரீட்சை எழுதினேன், ஆண்டவர் பாஸ் பண்ண வைத்தார்.

“இன்னாம்மா இது, மார்க் ஷீட்டாட்டம் கீது” என்றானாம் அவன். “காய்ச்சல்லாம் ஒரு பாவமா? இருட்டு எங்கம்மா? பட்டப்பகல்ல டார்ச் அடிச்சா எவனுக்குத் தெரியும்? போய் யோசிச்சி எய்திக்கினு வா. ஞாயித்துக்கெயம வரைக்கும் டைம்.”

“யோசிச்சுப் பாத்துட்டேன்பா. ஒண்ணுமே இல்ல” என்றாள் மகள். பத்தொன்பது வயது வரை ஒரு தப்பும் செய்யாத பிள்ளையை வளர்த்துவிட்டதற்காக ஒரு தகப்பன் வெட்கப்பட்டது உண்டென்றால் அது அன்றைக்குத்தான்.

“என்னைப் போட்டுக்கோ” என்றேன்.

“உன்னையா? நீ என்ன பண்ண?”

“குடிகாரன்னு போட்டுக்கோ. நான் எழுதித் தரேன்.”

“அது பொய்யாச்சே.”

“படிச்சுப் பாரு, பொய் மாதிரியே இருக்காது.”

இரண்டு நாள் ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவு லயித்து நான் எதையும் எழுதியதில்லை. தகப்பன் தள்ளாடிப் படியேறி வரும் சத்தத்தைக் கேட்டு மகள் பாடப் புத்தகத்தை மூடி வைக்கிறாள். எங்கள் வீடு தரைத்தளம். கதைக்காக மூன்று மாடி ஏற்றினேன். மனைவியின் தையல் மிஷினை விற்றுக் குடித்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு சாப்பாட்டுத் தட்டு பறக்கிறது. அது சுவரில் மோதி, தரையில் விழுந்து, சுழன்று அடங்கும் சத்தத்துக்கு மட்டும் ஆறு வரி. முடித்துவிட்டுப் படித்தபோது எனக்கே என்மேல் கோபம் வந்தது.

மனைவி வாங்கிப் படித்தாள். அவள் தென்காசிப் பக்கத்துக்காரி. அதிகம் பேச மாட்டாள்.

“ஏங்க, மிஷினை வித்துட்டீங்கன்னு போட்டிருக்கே. அப்போ அந்தப் பிள்ளைகளுக்கு முப்பது கவுன் தைச்சது யாருன்னு கேட்டா இவ என்ன சொல்லுவா?”

நியாயமான கேள்வி. டீமுக்கு வேண்டிய கவுன்களை அவள்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வளர்கிற பிள்ளைகளாயிற்றே என்று ஒவ்வொன்றையும் இரண்டு அளவு பெரிதாகத் தைத்தாள். மிஷினை எடுத்துவிட்டு வளையல் என்று மாற்றினேன்.

“வளையல் எங்க இருந்துச்சு, விக்கதுக்கு?” என்றாள்.

ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்ததும் அண்ணன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். கையில் என் இலக்கியம். அவன் பின்னால் மகள்.

“மாமு, உன்ன எனக்கு ஆறாங்கிளாஸ்லர்ந்து தெரியும்” என்று ஆரம்பித்தான்.

“ஆமா.”

“ஒரே ஒரு தபா, பீச்சாண்ட, உன் வாய்ல பாட்டில வச்சி சாச்சேன். நீ இன்னா பண்ண?”

“வாந்தி எடுத்தேன்.”

“என் சட்ட மேல எடுத்த. புச்சு சட்ட. நீ குடிகாரனா? உனக்கு அதுக்கு இன்னா தகுதி கீது?”

உட்காரு என்று நாற்காலியைக் காட்டினேன். அவன் உட்காரவில்லை.

“அவனவன் கஸ்டப்பட்டு குடிச்சி, கஸ்டப்பட்டு வுட்டு கீறான். நீ நோவாம குந்திக்கினு எய்தி அந்தப் பேர வாங்கிக்கினு பூடுவியா? அதுலயும் அந்தத் தட்டு மேட்டரு. படிச்சிட்டு எனக்கே அழுவ வந்திச்சி. அதான் பேஜாரு.”

காகிதத்தை என் மடியில் வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினான். “உங்கப்பன் குடிக்கல. அது ஊருக்கே தெரியும். நெசமா உனக்கு ஏதாவது பண்ணிக்கீறானா?”

அவன் சும்மாதான் கேட்டான். இல்லை என்று உடனே சொல்லிவிடுவாள் என்று நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு டிரெய்லர் லாரி பின்பக்கமாக வந்து திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முடியும் வரை அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணு இருக்குண்ணா” என்றாள்.

“இன்னாது?” என்று அவன் கேட்டான். “என்னது?” என்று நானும் கேட்டேன்.

“எழுதிக் காட்டுறேண்ணா.”

யாருக்குக் காட்டுவாள் என்பது அந்த ‘அண்ணா’விலேயே இருந்தது.

புதன்கிழமை அவனை டீக்கடையில் பிடித்தேன். “உன் பொண்ணு பாஸு” என்றான்.

“என்ன எழுதியிருக்கா?”

“நல்லா எய்திக்கிறா. நெசமான இருட்டு.”

“அதான் என்னன்னு கேக்குறேன்.”

“அத்த அவளாண்ட கேளு. நான் ஆண்டவரோட வேலக்காரன், உன் வேலக்காரன் இல்ல.”

மகளிடம் கேட்டேன். “போப்பா” என்றாள். ஒரு சின்னக் குறிப்பாவது கொடு என்றேன். “திரும்பி வந்து சொல்றேன்” என்றாள். நான் என் குற்றங்களை வரிசைப்படுத்திப் பார்க்க ஆரம்பித்தேன். பள்ளி ஆண்டு விழாவில் தூங்கியிருக்கிறேன். ஒரு பிறந்தநாளை மறந்திருக்கிறேன். அவள் வளர்த்த மீனுக்கு ஒருமுறை மிக்சர் போட்டிருக்கிறேன். எதுவும் கடல் தாண்டும் அளவுக்கு இல்லை. மனைவியிடம் போனேன்.

“நான் அவளுக்கு என்ன பண்ணேன்?”

“எனக்குப் பண்ணதுன்னா சொல்லலாம்” என்றாள்.

பொய்யான குடிகாரனாக இருக்க நானே முன்வந்தபோது ஒரு கூச்சமும் இல்லை. உண்மையான ஏதோ ஒன்றாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் சோறு இறங்கவில்லை. என் பெயர் ஒட்டிய பெட்டி ஒன்று, உள்ளே என்ன என்று எனக்கே தெரியாமல், கப்பலேறப் போகிறது. இத்தனை வருடமாக மற்றவர் பெட்டிகளுக்கு நான் செய்துவந்தது இதுதான்.

விமான நிலையத்தில் ஒன்பது பிள்ளைகளும் ஒரே மாதிரி மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு வட்டமாக நின்று ஜெபித்தார்கள். நடுவில், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற அண்ணன். யாருடைய கிட்டாரையோ நான் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகும்போது மகள் திரும்பி வந்து, “தப்பா எடுத்துக்காதப்பா” என்றாள். எதை என்று தெரியாமலே தலையாட்டினேன்.

தினமும் வாட்ஸப்பில் படங்கள் வந்தன. பனிக்குள் ஒரு நீளமான தகரக் கூரை. சுவரில் பாதி வெள்ளை. பிரஷ்களை உயர்த்திப் பிடித்த பிள்ளைகள். நடுவில் நின்ற சிறுமிக்கு எட்டு வயது இருக்கலாம். அந்தப் படத்தை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வீட்டில் எத்தனை பிரஷ் இருக்கும் என்று. கவுன் போட்டிருந்த பிள்ளைகள் எல்லாம் ஒரு கையால் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. “வளர்ந்துருவாங்க” என்றாள் மனைவி.

ஆறாம் நாள் அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. பேச்சில் கலீஜாகப் பேசுகிறவன் செல்போனில் மட்டும் வேதாகமத் தமிழில் எழுதுவான். ‘இன்று உமது குமாரத்தி சாட்சி பகர்ந்தாள். பிள்ளைகள் கண்ணீர் சிந்தினார்கள்.’ அன்று ஆபீசில் மரத்தூள் வந்த பெட்டிக்கு மாதுளை என்று எழுதினேன். நான் கண்ணால் பார்க்காத அறுபது பிள்ளைகள் என்னால் அழுதிருக்கிறார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தவள் இருமிக்கொண்டே பையைத் திறந்து, ரிப்பன் கட்டிய ஒரு காகிதக் கட்டை என் முன்னால் வைத்தாள். “உனக்குத்தான்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

மேலிருந்த கடிதம் கோடு போட்ட தாளில், பென்சிலில் எழுதியிருந்தது.

‘அன்புள்ள மாமாவுக்கு, நாங்கள் நலம். நீங்கள் நலமா? அக்கா மிகவும் அழகாகப் பாடுகிறார். அக்கா பாட்டை மறந்ததை நீங்கள் புத்தகத்தில் எழுதியது பிழை. இனி அப்படி எழுத வேண்டாம். அக்கா உங்களை மன்னித்துவிட்டார். நாங்கள் ஒவ்வொரு நாளும் உங்களுக்காக ஜெபம் செய்கிறோம்.’

கீழே ஒரு மனிதன் பேனாவோடு நிற்கும் படம். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். நான்கு சரணம். முதல் சரணத்தைப் பாடியதும் மற்ற மூன்றும் மறந்துபோக, நிறுத்தாமல் அதையே நான்கு முறையும் பாடி முடித்தாள். கீபோர்டுக்காரர் ஒன்றும் தெரியாதவர்போலக் கூடவே வாசித்தார். நான் அதை இதழில் எழுதினேன். அன்போடுதான் எழுதினேன் என்று நினைத்திருந்தேன். என் கட்டுரைகளில் அவ்வளவு பேர் பாராட்டியது வேறில்லை. அவளுடைய தமிழ் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார் என்று அவளே வந்து சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

மீதியை அன்று சாப்பிடும்போது சொன்னாள். அந்த வருடம் முழுக்க அவளுக்கு வகுப்பில் ‘நாலு தபா’ என்று பெயர். பதில் சொல்ல எழுந்தால், நாலு தபா சொல்லு என்பார்களாம். அடுத்த கிறிஸ்துமஸில் அவள் பாடவில்லை. பாடம் அதிகம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பாடகர் குழுவிலிருந்தும் நின்றுவிட்டாள். இரண்டே அறை உள்ள வீட்டில் ஆறு வருடமாகப் பாட்டுச் சத்தம் இல்லை. அது என் காதில் விழவில்லை. மலைநாட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இன்னொரு பெண்ணுக்கு இருமலும் காய்ச்சலும் வந்துவிட, வேறு ஆளில்லாமல் இவள் எழுந்து நின்றிருக்கிறாள்.

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா அதையும் எழுதியிருப்ப.”

“ஆமா” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் குழம்பை இன்னொரு முறை ஊற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால், ஏற்கெனவே மன்னித்தாகிவிட்டது. அறுபது பேர் முன்னிலையில், வேறொரு நாட்டில். குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே விடுதலை ஆகிவிட்ட ஆள் எங்கே போய் நிற்பது என்று விளங்கவில்லை.

“பதில் எழுதணும்” என்றாள். “ஒண்ணு போதும், எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுவாங்க. காமெடி பண்ணாத.”

முதல் பிரதியைப் படித்துவிட்டு, “இது காமெடி” என்றாள். இரண்டாவதைப் படித்துவிட்டு, “இது தட்டு மாதிரி இருக்கு” என்றாள். மூன்றாவது மூன்றே வரி. ‘பிள்ளைகளே, கடிதங்கள் கிடைத்தன. நான் எழுதியது பிழைதான். இனி அக்காவைக் கேட்காமல் எழுத மாட்டேன்.’

“கேட்காமல்னு எதுக்கு?”

“பொழப்பும்மா.”

கொஞ்சம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டாள்.

ஆகவே இதைக் கேட்டுத்தான் எழுதியிருக்கிறேன். அவள் பேனாவோடு உட்கார்ந்து படித்தாள். எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டாள். அவள் பெயர், சபையின் பெயர், அந்தப் பாட்டின் பெயர். இதில் யாருக்கும் பெயர் இல்லாதது அதனால்தான். கடைசியில் ஒரு பத்தி இருந்தது. போன ஞாயிறு நான் சபைக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தது. வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து, “இன்னா மாமு, வயி தப்பி வந்துட்டியா?” என்று கேட்டது. இதுவரை இருக்கட்டும் என்றாள். அதற்குப் பிறகு, பாட்டு வேளையில் எழுந்து முன்னால் போனது யார், எத்தனை சரணம் என்று எழுதியிருந்ததை மட்டும் அடித்துவிட்டாள்.

ஏன் போனேன் என்பதை அவள் அடிக்கவில்லை. நான் எழுதியிருக்கவே இல்லை. கடிதங்களுக்காகவா, பாட்டைக் கேட்கவா, ஜெபத்தாலா என்று எனக்குத் தெரிந்தால் அல்லவா எழுதுவதற்கு.

இந்த வாரம் அந்த விடுதியிலிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. அதே பென்சில். ‘மாமா திருந்திவிட்டாரா என்று அக்கா எழுதி அனுப்பவும்.’

மகள் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “நீயே எழுதுப்பா. எனக்கும் தெரியல.”

தாள் மேசைமேல் இருக்கிறது. பிள்ளைகளே என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.